வீட்டிலேயே ரொட்டி சுட்டால் உண்மையில் காசு மிச்சமா?

மூணுபிள்ளைக்காரி (சுங்கை சிப்புட்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம். ஒரு காலத்தில் பால்மர (ரப்பர்) தோட்டம், இப்போது பாதி செம்பனை (எண்ணெய்ப்பனை), பாதி தாமான் (குடியிருப்பு). வீட்டுக்காரருக்கு செம்பனை ஆலையில் வேலை. ஓட்டி (ஓவர்டைம்) கிடைக்கும் மாதம் சமாளித்துவிடுவோம், கிடைக்காத மாதம் இருபதாம் தேதிக்கு மேல் கை கடிக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மூன்று பேர், மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

எங்கள் வீட்டில் ரொட்டிச் செலவு ஓயாது. காலையில் பிள்ளைகளுக்கு, பள்ளிப் பைக்குள் ஒரு பொட்டலம், மாலையில் மாமியாருக்குத் தேத்தண்ணியோடு. 400 கிராம் ரொட்டி மூன்று வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டி விற்கிறது. வாங்கி வைத்தால் மறுநாள் உறைதான் மிஞ்சும். அண்ணி ஒருவர் தாம் பயன்படுத்தாத சின்ன ஓவனைக் கொடுத்திருக்கிறார், 1500 வாட். சுட்டும் பார்த்தாயிற்று. அன்றைக்கு மெத்தென்று நன்றாகவே இருக்கிறது, மறுநாள் விறைத்துப்போகிறது.

நான் கேட்க வந்தது இதுதான். மாவு, ஈஸ்ட், கரண்டு எல்லாம் சேர்த்தால் நிஜமாகவே மிச்சமாகிறதா, அல்லது மிச்சம் என்று நினைத்துக்கொண்டு உடம்பை வருத்திக்கொள்கிறேனா? மறுநாளும் மெத்தென்று இருக்க என்ன வழி? ரொட்டி மாவுதான் வேண்டுமா, சாதா கோதுமை மாவு போதுமா? கணக்குப் போட்டுச் செய்கிறவர்கள் சொல்லுங்கள்.


கிராணிவீட்டு மருமகள் (கோலகங்சார்)

தங்கச்சி, கணக்கையே முதலில் பார்த்துவிடுவோம். தீபாவளிக்கு கேக், பிஸ்கட் ஆர்டர் எடுப்பவள் நான், கிராம் கணக்கில்தான் என் பிழைப்பு.

அரை கிலோ மாவு, 300 மில்லி தண்ணீர், சீனி 40 கிராம், எண்ணெய் அல்லது மார்ஜரின் 40 கிராம், உப்பு 8 கிராம், ஈஸ்ட் ஒன்றரைத் தேக்கரண்டி. பிசைந்தால் 900 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக மாவு வரும். வெந்தபின் ஈரம் போய் 780, 800 கிராம் ரொட்டி. அதாவது கடை ரொட்டி இரண்டின் எடை.

விலைக்கு வருவோம். ஒரு கிலோ பொட்டலத்தில் வரும் சாதா மானிய மாவு 1.35 வெள்ளி. அரை கிலோவுக்கு 68 காசு. சீனி கிலோ 2.85, நாற்பது கிராமுக்கு 11 காசு. பாக்கெட் எண்ணெய் கிலோ 2.50, அதில் 10 காசு. ஈஸ்டை 11 கிராம் பொட்டலமாக வாங்கினால் பாதிப் பொட்டலம் போகும். அடிக்கடி சுடுகிறவர்கள் அரை கிலோ பாக்கெட் வாங்கி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு தடவைக்கு இன்னும் குறையும். உங்கள் ஓவன் நாற்பது நிமிடம் நிற்காமல் எரிந்தாலும் ஒரு யூனிட்தான், சூடு ஏறியதும் அது விட்டுவிட்டு எரிவதால் அதற்கும் கீழே. எல்லாம் சேர்த்து இரண்டு வெள்ளிக்குள் அடங்கும். கடையில் ஆறு வெள்ளி. ஆக, ஒரு சூட்டுக்கு நான்கு வெள்ளி மிச்சம். ரொட்டி மாவு வாங்கினால் மிச்சம் குறையும், ஆனால் போகாது.

மானிய மாவுப் பொட்டலம் எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்காது. கண்ணில் படும்போது வாங்கி, காற்றுப் புகாத டின்னில் போட்டுவையுங்கள். நம் ஊர் புழுக்கத்தில் மாவில் வண்டு சீக்கிரம் வரும். பிரிஜ்ஜில் இடமிருந்தால் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு டின்னுக்கு மாற்றினால் வண்டு முட்டை செத்துப்போகும்.

ரொட்டி மாவில் புரதம் கூடுதல், 12, 13 சதவீதம். சாதா மாவில் 10, 11 இருக்கும். புரதம் கூடினால் மாவு நன்றாக இழுத்துப் பிடித்து உயரமாக எழும்பும். பெட்டி ரொட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியும். பன்னுக்கு அவ்வளவாகத் தெரியாது. காசைப் பார்க்கிற வீடு சாதா மாவில் பன் போடுவதே உத்தமம். கேக்குக்கு விற்கும் மெல்லிய ஹாங்காங் மாவை மட்டும் ரொட்டிக்குத் தொடவேண்டாம், புரதம் குறைவு, எழும்பாது.

விறைப்பதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். பிள்ளை அழுகிறான்.


கூலிம்காரி (கூலிம்)

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுவேன், மன்னிக்கவும்.

நான்கு வெள்ளி மிச்சம் என்கிறீர்கள். பிசைய, ஊற, உருட்ட, சுட, பாத்திரம் கழுவ எவ்வளவு நேரம்? நான் ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கிறேன். வந்து நின்றால் கால் வீங்கியிருக்கும். அந்த நேரத்தில் ரொட்டிக்கு மாவு பிசை என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சிக்கனம் என்ற பேச்சு வந்தாலே வீட்டுப் பெண்ணின் உழைப்பைச் சும்மா கிடைப்பதாக எடுத்துக்கொள்கிறோம். மாவுக்கு விலை, கரண்டுக்கு விலை, அவள் கைக்கு மட்டும் விலை கிடையாதா?

வீட்டில் இருப்பவர், ஆசைப்பட்டுச் செய்கிறார் என்றால் தாராளமாகச் செய்யட்டும். கணக்கில் அந்த வரியையும் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.


செம்பனைஷிப்டு (பீடோர்)

கூலிம் அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் மனைவிக்கு வெளியில் வேலை, எனக்கு ஆலையில் ஷிப்டு. இரவு ஷிப்டு வாரத்தில் பகலில் வீட்டில் இருப்பது நான்தான், அதனால் ரொட்டி என் வேலை. ஆம்பளை மாவு பிசைந்தால் எழும்பாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

நேரத்தைக் குறைக்க வழி உண்டு. பிசையவே வேண்டாம். ஒரு பேசினில் மாவு, உப்பு, சீனி, ஈஸ்ட், தண்ணீர், எண்ணெய் எல்லாவற்றையும் மரக்கரண்டியால் கலக்கி, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்கு ஆனதும் மூடிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் கையை நனைத்துக்கொண்டு ஓரத்தை இழுத்து நடுவில் மடியுங்கள், சுற்றி நாலு பக்கமும். மறுபடி மூடுங்கள். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அரை நிமிட வேலை, இடையில் நீங்கள் துணி காயப்போடலாம். முதல் தடவை கையில் பிசுபிசுவென்று ஒட்டும், மூன்றாம் தடவைக்குத் தோல் மாதிரி வழவழப்பாக வந்துவிடும். தண்ணீர் மாவுக்குள் ஊறும்போது அந்தப் புரதம் தானாகவே பின்னிக்கொள்ளும், தோள் வலிக்க அடிக்கத் தேவையில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டைக் கரைக்கச் சொல்லும் குறிப்பெல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுக்கு. நம் சமையலறை முப்பது டிகிரிக்குக் குறையாது. பிரிஜ் தண்ணீரையே ஊற்றுங்கள். இல்லையென்றால் அரை மணி நேரத்தில் பொங்கி, சுடும் நேரத்தில் சாராய வாடை அடித்துக்கொண்டு சரிந்துவிடும்.


மூணுபிள்ளைக்காரி

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. கூலிம் அக்கா, நான் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கடைசிப் பிள்ளை பெரிய பள்ளிக்குப் போனதும் வேலை தேடுவேன். அதனால் நீங்கள் சொன்ன வரியை மறக்கமாட்டேன்.

கணக்கைப் பார்த்தபின் வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து மற்ற செலவையும் எழுதினோம். ரொட்டிக்கு வாரம் பதினைந்து வெள்ளிக்குள்தான். ஆனால் மாலையில் பள்ளி விட்டு வரும்போது ரோட்டோரம் வாழைப்பழப் பலகாரம், கறிபாப், வாரத்தில் ஒரு நாள் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, பிள்ளைகளுக்குக் கேண்டீன் காசு, ஓட்டி முடிந்து அவர் தாப்பாவ் (பார்சல்) கட்டிக்கொண்டு வரும் மீ கோரெங் (வறுத்த மீ)... இதெல்லாம் ரொட்டியைப்போல மூன்று நான்கு மடங்கு. எழுதிப் பார்க்கும்வரை எங்களுக்கே தெரியாது.

இதையும் வீட்டில் பிடிக்க முடியுமா? ஓவன் சூடாகும்போதே வேறு எதையாவது அதில் வைக்கலாமா? முட்டை அதிகம் வேண்டாம். ஆகஸ்ட் 2025 முதல் முட்டைக்கு மானியமும் போய்விட்டது.


லயத்துப்பாட்டி (சுங்கை சிப்புட்)

மகளே, எழுதிப் பார்த்தாய் பார், அதுதான் நல்ல காரியம். எங்கள் காலத்தில் அந்தக் கணக்கைக் கடைக்காரர் எழுதினார். 555 நோட்டு என்று சின்னதாக ஒன்று இருக்கும், சட்டைப் பையில் அடங்கும். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும், சம்பளத்தன்று கழிப்பார்கள். சில வீடுகளில் சம்பளம் நோட்டுக்கே சரியாகிவிடும்.

உன் கேள்விக்கு என் பதில் மரவள்ளி. சப்பான்காரன் காலத்தில், 1942-லிருந்து 45 வரைக்கும், அரிசி கண்ணில் படாமல் இந்த மலாயா முழுக்க மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தது. அதனால் என் அம்மாவுக்கு அதன் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கும், கடைசிவரை வாயில் வைக்கவில்லை. அப்புறம் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். எங்கள் பக்கம்தான் 1948-இல் அது தொடங்கியது. காட்டிலிருந்த அந்தக் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்தார்கள், டின் சாமான் வாங்கினால் கடையிலேயே ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கே தின்று தீர்க்கவேண்டும். ஒரு டின் சார்டினை எப்படி ஒரே நாளில் மூன்று வேளைக்கு இழுப்பது என்று அம்மா அந்தக் காலத்தில் கற்றது. காலையில் வெங்காயத்தோடு பிரட்டி, மத்தியானம் புளி ஊற்றிக் குழம்பு, ராத்திரி மிச்சக் குழம்பில் கிழங்கு போட்டு.

எனக்கு மரவள்ளி மேல் கோபம் கிடையாது. பிங்கா ஊபி, அதான் மரவள்ளிக் கேக், செய், மகளே. ஒரு கிலோ கிழங்கைத் தோலுரி, உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புப் பட்டையையும் சேர்த்து உரிக்கவேண்டும், அதில்தான் விஷம் கூடுதல். நடு நரம்பை எடுத்துவிட்டுத் துருவி, கழுவிப் பிழி. பிழிந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் விட்டால் அடியில் வெள்ளை மாவு தங்கும், மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்த மாவைத் திரும்பச் சேர். ஒரு தம்ளர் தேங்காய்ப்பால், முக்கால் தம்ளர் சீனி, உப்பு ஒரு சிட்டிகை, முட்டை ஒன்றே ஒன்று. முட்டை இல்லாமலும் வரும். வாசனைக்குப் பாண்டான் (ரம்பை) இலை வேலியோரம் இருக்குமே, ஒரு இலையைத் தேங்காய்ப்பாலில் கசக்கி எடு. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, மேலே பழுப்பாகத் திட்டுத்திட்டாக வரும்வரைக்கும் சுடு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆறினபின்தான் வெட்டவேண்டும், சூட்டில் வெட்டினால் கத்தியோடு வரும். கசப்புக் கிழங்கு என்றால் தூக்கிப் போடு, ஆசைப்படாதே.


தெளிப்புக்காரர் (தெலுக் இந்தான்)

பாட்டி சொன்ன வேலியோர இலை நல்லதுதான். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், நான் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் கூட்டத்தில் வேலை பார்த்தவன்.

காசு மிச்சம் என்று செம்பனைக் காட்டுக்குள்ளும் கான் (சாக்கடை) ஓரத்திலும் கீரை பறிக்கிறார்கள். பாக்கு கீரை, கங்குங், பொன்னாங்கண்ணி எல்லாம் அங்கே தளதளவென்று வரும். ஆனால் மரத்தைச் சுற்றிய வட்டத்திலும் நடைபாதையிலும் களைக்கொல்லி அடிப்பது வழக்கம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரியிலிருந்து நாட்டில் தடைசெய்துவிட்டார்கள், வேறு மருந்துகள் இன்னும் அடிக்கிறார்கள். அடித்த மறுநாள் கீரை பச்சையாகத்தான் தெரியும், வாடுவதற்கு நாளாகும். கழுவினாலும் உள்ளே இறங்கியது போகாது. மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) எந்தப் பக்கம் எப்போது அடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டு பறியுங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வீட்டுப் பின்னால் ஒரு முருங்கை, கொஞ்சம் சாயூர் மானிஸ் கீரை, ஒரு கறிவேப்பிலை போதும். சாயூர் மானிஸ் குச்சியை ஒடித்து ஊன்றினாலே வரும். காசு போட்டு வாங்கவேண்டாம், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.


கேண்டீன்அக்கா (தஞ்சோங் மாலிம்)

நான் பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறவள். மூணுபிள்ளைக்காரி, பிள்ளைகள் ஆரம்பப் பள்ளி என்றால், குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், ஆர்.எம்.டி. என்ற பள்ளி இலவசச் சாப்பாட்டுக்குத் தகுதி இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் முதலில் கேளுங்கள். கூச்சப்படவேண்டாம். பிள்ளைக்கு உரியது.

பைக்குள் கொடுத்தனுப்பும் உணவு பத்து மணிவரை அந்தப் புழுக்கத்தில் தாங்கவேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்த எதுவும் வேண்டாம், மயோனிஸ், முட்டைக் கலவை வேண்டாம். தாங்குவது எது என்றால், நெத்திலிச் சம்பால் நன்றாக எண்ணெய் பிரியும்வரை வதக்கியது, சார்டின் தண்ணீர் வற்றப் பிரட்டியது, உருளைக்கிழங்கு மசாலா, தேங்காய்ப்பூவைச் சீனியில் கிளறியது. இவற்றைப் பன்னுக்குள் வைத்துச் சுட்டுவிட்டால் உள்ளே இருப்பதும் இன்னொரு தடவை வெந்துவிடும். மூடி வைத்தால் வேர்க்கும், ஆறினபின் டப்பாவில் போடுங்கள்.

அரை கிலோ மாவில் 60 கிராம் உருண்டையாகப் பிடித்தால் பதினாலு பதினைந்து பன் வரும். ஒரு டின் சார்டினும் மூன்று உருளைக்கிழங்கும் அத்தனைக்கும் போதும். ரோட்டோரக் கறிபாப்பின் இடத்தை இது பிடித்துவிடும், நான் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சூடும் வாசனையும்தான் வேண்டும். பள்ளி விட்டு வரும் நேரத்தில் இரண்டாவது தட்டு ஓவனில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டோரம் நிற்கவே மாட்டார்கள்.


புதுமருமகள் (பாகாவ்)

ஓவன் இல்லாத வீட்டுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. எங்களிடம் ஒரு கேஸ் அடுப்பு, ரைஸ் குக்கர், இவ்வளவுதான். வாடகை வீடு. யூடியூப்பில் பிரஷர் குக்கரில் தண்ணீர் இல்லாமல் கேக் சுடுகிறார்கள். அது சரியா?


கிராணிவீட்டு மருமகள்

பிரஷர் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் சூடாக்கவேண்டாம், தங்கச்சி. அது அதற்காகச் செய்த பாத்திரம் இல்லை, ரப்பரும் வால்வும் கெடும், அப்புறம் பருப்பு வேகவைக்கும்போது ஆபத்து. கனமான பழைய அலுமினியச் சட்டி ஒன்று எடுங்கள். அடியில் ஒரு அங்குலத்துக்கு உப்போ, கழுவிக் காயவைத்த மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு வளையம், வளையத்தின்மேல் கேக் டின். நல்ல மூடியாகப் போட்டு நடுத்தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, பிறகு டின்னை உள்ளே வைத்துச் சிறுதீயில் நாற்பது நிமிடம். அந்த உப்பைத் திரும்பத் திரும்ப இதற்கே வைத்துக்கொள்ளலாம். என் மாமியார் தோட்டத்தில் இருந்தபோது தீபாவளி கேக்கெல்லாம் மணல் சட்டியில்தான், மூடியின் மேல் தகரத்தில் கரி நெருப்பைக் கொட்டுவார்களாம். கேஸ் அடுப்பில் மேல் சூடு கிடையாது, அதனால் ரொட்டியின் மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். வெந்ததும் தோசைக்கல்லில் கவிழ்த்து ஒரு நிமிடம் வைத்தால் நிறம் வரும்.

ஆனால் ஓவன் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது ஆவி. அதே பன் மாவை இட்லிச் சட்டியில் வேகவையுங்கள், பாவ் என்ற ஆவிப் பன் ஆகிவிடும். பன்னிரண்டு நிமிடம். மூடியைத் துணியால் கட்டினால் தண்ணீர் சொட்டாது. கேஸும் குறைவு, எண்ணெயும் குறைவு. 14 கிலோ சிலிண்டர் மானிய விலையில் 26.60 வெள்ளி, ஒரு சட்டி பாவுக்கு அதில் போவது மிகக் கொஞ்சம்.


கூலிம்காரி

பாவ் எனக்குக் கட்டுப்படியாகும். ஞாயிற்றுக்கிழமை செய்து ஃப்ரீசரில் போட்டுவிட்டால் வாரம் முழுக்க ரைஸ் குக்கரில் சோறு வேகும்போதே மேல் தட்டில் சூடுபண்ணிக்கொள்ளலாம். இந்த மாதிரி யோசனைதான் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்கிறேன். நான் ரொட்டி சுடுவதில்லை. சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை அரிசியும் எண்ணெயும் பருப்பும் வாங்கிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். அரசாங்கத்தின் சாரா உதவியாக 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் எல்லோருக்கும் மைகார்டில் (அடையாள அட்டையில்) சாமான் வாங்க 100 வெள்ளி வந்தது, 2025 ஆகஸ்ட் 31-லிருந்து டிசம்பர் கடைசிவரை. எங்கள் வீட்டில் பலபேர் அதைப் பிஸ்கட்டும் மைலோவுமாகக் கரைத்தார்கள். நான் அரிசியாகவும் பருப்பாகவும் எடுத்தேன், அந்த மாதம் கையில் பணமாகவே நின்றது. உதவிப் பணம் வந்தால் எப்படியும் வாங்கியே ஆகவேண்டிய சாமானுக்குப் போடுங்கள்.

கோழியிலும் அப்படித்தான். முழுக் கோழியாக வாங்கி வெட்டச் சொல்லி, எலும்பை விட்டுவராதீர்கள். முதுகெலும்பு, கழுத்து, கால் எல்லாம் போட்டு மிளகு ரசம் வைத்தால் அன்றைக்கு வேறு குழம்பு வேண்டாம். நெஞ்சுக் கறியை ஒரு நாள், தொடையை ஒரு நாள். ஒரே நாளில் முழுக் கோழியையும் குழம்பில் போடுகிற வீட்டில் வாரத்துக்கு இரண்டு கோழி போகும்.


செம்பனைஷிப்டு

மிச்சச் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இரவுச் சோற்றைச் சட்டியோடு மேசையில் விட்டுவிட்டு மறுநாள் நாசி கோரெங் (வறுத்த சோறு) போடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். நம் வெப்பத்தில் அது வயிற்றைக் கெடுக்கும். சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு வறுத்தாலும் போகாது. சாப்பிட்டு முடித்ததும் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பிரிஜ்ஜில் வையுங்கள். பிரிஜ்ஜில் உலர்ந்த சோறுதான் வறுக்கவும் நன்றாக உதிரும்.

தோசை மாவு அரைக்கும்போது அதே சோற்றில் ஒரு கை சேருங்கள், மெத்தென்று வரும். நான் நாலு பங்கு சாதா அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுகிறேன், புழுங்கல் அரிசி வாங்குவதில்லை. ஆப்பத்துக்குத் தேங்காய்த் தண்ணீர். கடையில் தேங்காய் துருவும்போது தண்ணீரைக் கீழேதான் ஊற்றுகிறார்கள், ஒரு போத்தலைக் கொடுத்தால் பிடித்துத் தருவார்கள். கொஞ்சம் சீனி போட்டு ராத்திரி முழுக்க வெளியில் வைத்தால் நுரைக்கும். அதில் ஆப்ப மாவைக் கரைத்தால் ஈஸ்ட் வேண்டாம், முன்பு கள் ஊற்றியதைப்போல ஓரம் மொறுமொறுவென்று எழும்பும்.


மூணுபிள்ளைக்காரி

கிராணிவீட்டு அக்கா, விறைப்பதற்குக் காரணம் சொல்வதாகச் சொன்னீர்கள். நான் ரொட்டியைப் பிரிஜ்ஜில்தான் வைக்கிறேன், வெளியில் வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை வருகிறது. பாட்டியின் பிங்கா ஊபி செய்தேன். என் மாமியார் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பசார் மாலாமில் விற்பதைவிட நன்றாக இருக்கிறது என்றார். சார்டின் பன்னும் போட்டாயிற்று, பெரியவன் நண்பனுக்கும் சேர்த்துக் கேட்கிறான். இப்போது ரோட்டோரத்தில் நிற்பது நின்றுவிட்டது.


கிராணிவீட்டு மருமகள்

விறைப்பதற்குக் காரணமே அந்தப் பிரிஜ்தான். ரொட்டி வேகும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பி மெத்தென்று ஆகிறது. ஆறியபின் அந்தச் சத்து மெல்ல மெல்லத் திரும்ப இறுகும். பிரிஜ்ஜின் குளிரில்தான் அது வேகமாக நடக்கும், மேசையில் வைப்பதைவிட. ஃப்ரீசரில் கல்லாக உறையும்போது கிட்டத்தட்ட நின்றுபோகும். அதனால் அன்றும் மறுநாளும் தின்பதை மேசையில் மூடி வையுங்கள். மிச்சத்தை நன்றாக ஆறியதும் துண்டு போட்டு, பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, நேரே ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். பிரிஜ்ஜின் நடுத்தட்டில் வைக்கவே கூடாது. காலையில் வேண்டிய துண்டை மட்டும் எடுத்துத் தோசைக்கல்லில் வாட்டினால் போதும். சூடு பட்டால் இறுகினது மறுபடி இளகும்.

கடை ரொட்டி ஒரு வாரம் மெத்தென்று இருப்பதற்கு அவர்கள் சேர்க்கும் பொருள்கள் காரணம். நம்மிடம் அது இல்லை. அதற்கு ஈடாக ஒன்று இருக்கிறது, காசே ஆகாது. அரை கிலோ மாவிலிருந்து 25 கிராம் எடுத்து, 125 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டுங்கள். முதலில் பால்போல ஓடும், பிறகு திடீரென்று கனக்கும், கரண்டியை இழுத்தால் சட்டியின் அடியில் தடம் விழுந்து நிற்கும். கொதிக்கவேண்டாம், உடனே இறக்குங்கள். பிள்ளைக்குக் கிண்டும் கஞ்சியின் பதம். ஆறியதும் மிச்ச 475 கிராம் மாவில் இதைக் கொட்டி, குளிர்ந்த தண்ணீர் 190 மில்லி ஊற்றி, மற்றதெல்லாம் பழைய அளவிலேயே போட்டுப் பிசையுங்கள். முன்கூட்டியே வெந்த மாவு கூடுதல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரொட்டி இரண்டு மூன்று நாள் மிருதுவாக இருக்கும். கொஞ்சம் ஒட்டும், மேல் மாவு தூவிக்கொண்டே போகாதீர்கள், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

எப்படியும் காய்ந்துபோன துண்டு இருந்தால் விரல் அளவு வெட்டி, ஓவனை அணைத்தபின் மிச்சச் சூட்டில் வையுங்கள். ரஸ்க் ஆகிவிடும். மாமியாருக்குத் தேத்தண்ணியில் தோய்க்க.


மூணுபிள்ளைக்காரி

கடைசியாக ஒன்று, அக்கா. பிள்ளைகள் ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். மாவை முந்தின ராத்திரியே பிசைந்து பிரிஜ்ஜில் வைத்துக் காலையில் சுடலாமா, அல்லது ராத்திரியே சுட்டுவிடுவது நல்லதா?


கிராணிவீட்டு மருமகள்

வைக்கலாம். ஈஸ்டை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பன்னாக உருட்டி, எண்ணெய் தடவிய தட்டில் இடம் விட்டு அடுக்கி, பிளாஸ்டிக்கால் மூடிப் பிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு வெளியே எடுத்தால் ஓவன் சூடாவதற்குள் குளிர் விட்டிருக்கும். விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். குழி மெதுவாகத் திரும்பி வந்தால் உள்ளே தள்ளலாம். சட்டென்று திரும்பினால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். 180 டிகிரியில் பதினெட்டு நிமிடம். சார்டின் வைத்திருந்தால் இருபது.


செம்பனைஷிப்டு

நான் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்ததும் இப்படித்தான் சுடுகிறேன். மூடும் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் எண்ணெய் தடவ மறக்காதீர்கள், ஒட்டிக்கொண்டு மேல் தோலைக் கிழித்துவிடும்.